துத்தநாகச் சீக்கு

வாங்க சார், மெதுவா வாங்க. மேல் படி ஒண்ணு மட்டும் உசரமா இருக்கும், பாத்துக் கால் வைங்க. அங்க எல்லாரும் தடுக்கறாங்க. நானே தடுக்கறனுங்க. கட்டுன ஆளு நான், எனக்கே அந்தப் படியில கால் ஒட்டிக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. கொத்தனார் அன்னைக்கே ஏமாத்திப்போட்டான்.

உள்ள வந்துருங்க. தாழ்ப்பாளப் போட்டுருவம். நீங்களே போட்டுருங்க சார், அது ரொம்ப இறுகலாப் போச்சு, எண்ணெ உடோணும். ஆங், உங்களுக்கு சல்லுனு விழுந்துருச்சு. சரி. அந்த நாற்காலியில உக்காருங்க. கொஞ்சம் மெதுவாவே பேசிக்கலாம், கீழ கேட்டுறக் கூடாது. என்ன? என்ற பேச்சுக் கேக்கலீங்களா? இப்பெல்லாம் எல்லாருக்கும் காது மந்தமாப் போச்சுங்க சார். போன்ல பேசுனா தாரிணியும் இதேதான், "அப்பா, சத்தமாப் பேசுங்கப்பா, கெணத்துக்குள்ள இருந்து பேசறாப்பல இருக்குது"ங்கறா. நான் எப்பவும் பேசறாப்பலதான் பேசறேன்.

தாரிணி இப்ப லீவுக்கு வந்திருக்கறா, கீழ காப்பி போடறா. அவ மேல வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லியாகோணும். அதுக்குத்தான் வந்ததும் வராததுமா உங்களப் படியேத்திட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க சென்னையில இருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கறீங்க, நீங்களும் போர்ஷே ரேஸ் வண்டிப் பொம்மைக சேக்கறவரு, என்ற அலமாரியப் பாக்கோணும்னு ஆசப்பட்டீங்கன்னு தாரிணி சொன்னா. கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமில்லீங்க. சந்தோசத்துலயான்னா இல்ல. பயத்துல. நெசமாச் சொல்றேன், பயத்துல. இந்தக் கோயமுத்தூர்ல லேத்து, பம்பு, மோட்டாருன்னா தெருவுக்கு ஒரு ஆளு பேச வருவான். இதப் பத்திப் பேச ஒருத்தனும் இல்ல. இத்தன நாளா நெஞ்சுக்குள்ளயே போட்டு வெச்சிருந்ததக் கேக்கறதுக்கு ஒரு ஆளு வர்றாரேன்னு இருந்துது. கேட்டா என்ன பதில் சொல்லுவாரோன்னும் இருந்துது.

என்ற வண்டிக ஒண்ணொண்ணா ஒடயுதுங்க சார்.

அதான் விசயம். யாருகிட்டயும் சொல்லல. தாரிணிக்குத் தெரிஞ்சா இந்த ரூமப் பூட்டி, அத்தனையும் அட்டப்பெட்டியில போட்டு, என்னையவும் ஒரு பெட்டியாட்டத் தூக்கிட்டு பெங்களூர் போயிருவா. அங்க அவளும் மாப்பிள்ளயும் இருக்கறது பன்னெண்டாவது மாடி. அவங்கம்மா தவறிப்போனதுல இருந்தே அவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறா. நான் இந்த அலமாரியக் காட்டித்தான் தப்பிச்சுக்கிட்டு இருக்கறேன். "இத எப்புடி அம்மிணி லாரியில ஏத்தறது, ஒரு குலுக்குக் குலுக்குனா போச்சு"ன்னு சொல்லுவேன். பேசாம இருந்துக்குவா. அந்த அலமாரியே ஒடயுதுன்னா அப்பறம் நான் எதச் சொல்லி இங்க இருக்கறது?

இருங்க, லைட்டப் போடறேன். பாருங்க. எப்புடி இருக்குது?

எல்லாம் நாப்பத்து மூணுல ஒரு பங்கு அளவு. உங்களுக்குச் சொல்லோணுமா? போர்ஷே மட்டுந்தான். அதுலயும் லெ மான் ரேஸ்ல ஓடுன வண்டிக மட்டுந்தான். பிரான்சுல அந்த ஊரு எந்தப் பக்கமிருக்குதுன்னு கூட எனக்குத் தெரியாது சார், ஆனா அந்த ரோட்டுல எங்க வளைவு, எங்க நேர்ப்பாதன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். நான் கார்பரேட்டர் டியூனிங் பண்ணிட்டு இருந்தவன். அம்பாசிடர், பியட்டு, எல்லாம் என்கிட்ட வரும். ஒரு ஸ்க்ரூவக் காவாசித் திருப்புத் திருப்பி எஞ்சின் மூச்சு சீராகறதக் காதுலயே புடிச்சிருவேன். அப்ப ஒரு மில் மொதலாளி ஊட்டுல ஒரு வெளிநாட்டுப் புஸ்தகத்துல இந்தப் படம் பாத்தேன். 1970, செவப்புல வெள்ளக் கோடு, நம்பர் இருவத்தி மூணு. அன்னைக்கு அங்க பேய் மழ. கெளம்புன வண்டி அம்பதுக்கு மேல, கடைசியில கணக்குல வந்தது ஏழுதான். அதுல மொதல்ல வந்தது இது.

வேகமாப் போறதுல என்ன சார் இருக்குது? ஆருக்கு வேணாலும் காசு இருந்தா வேகமாப் போயிறலாம். ஒரு நாள் பகலும் ராத்திரியும் முழுசா, ஒடயாம, நிக்காம ஓடி முடிக்கோணும். அதான் எனக்குப் புடிச்சுது. அதனால ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன். முடிச்ச வண்டிதான் இந்த அலமாரிக்குள்ள வரும். நடுவுல நின்னது, மோதுனது, எஞ்சின் போனது, எத்தன அழகா இருந்தாலும் வேண்டாம். எனக்கு அதுகளப் பாத்தாலே ஒரு மாதிரி இருக்கும்.

இந்தா, இது 1982. ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர். வந்த வரிசையும் அதே வரிசதான். இது 1977. வெள்ள வண்டி, நாலாம் நம்பர். இதுதான் சார் என்ற உசுரு. முடியற நேரத்துல எஞ்சின்ல பிஸ்டன் போச்சு. நிறுத்திப்போட்டாங்க. அப்பறம் அந்த ஒரு சிலிண்டர அடச்சுட்டு, மிச்சம் அஞ்சு சிலிண்டர்ல, பொகையக் கக்கிட்டு ஊந்துக்கிட்டே கடைசி ரவுண்டு போயி ஜெயிச்சாங்க. நான் எத்தன வண்டியில ஒரு சிலிண்டர் அடிக்காம வந்து நின்னதப் பாத்திருப்பேன்! எனக்குத்தான் தெரியும் அது எப்புடிக் குலுங்கி இருக்கும்னு.

கிட்ட வந்து பாருங்க. இதோட சைடு கண்ணாடி. இடது பக்கம் இருக்குது, வலது பக்கம் இல்ல பாருங்க.

மொதல்ல போனது அதுதான். பொங்கலு கழிஞ்சு, தூசி தட்டறதுக்கு எடுத்தேன். எப்புடி எடுக்கறதுன்னு நம்மாளுக்குச் சொல்லோணுமா, வண்டியத் தொடறதே இல்ல, அது நிக்கற அடிக்கட்டையத்தான் புடிக்கோணும். எடுத்ததும் ஒருக்கா அடியத் திருப்பிப் பாத்து, அப்பறம் தூசி. அந்தக் கண்ணாடி கொத்தமல்லி வெதையில பாதி இருக்குமா? பிளாஸ்டிக்குதான். அது "டிக்"குனு ஒரு சத்தம். அவ்வளவுதான். எங்க போயி விழுந்துதுன்னே தெரியல. கீழ உக்காந்து தரையெல்லாம் தடவித் தடவித் தேடுனேன். கெடைக்கல.

பாக்கியம்னு ஒரு பொண்ணு ஊட்டு வேலைக்கு வந்துட்டு இருந்துது. அதுதான் முந்தின நாளு தொடச்சிருக்கோணும், லேசா ஒடச்சு அப்புடியே ஒட்ட வெச்சுட்டுப் போயிருக்கோணும், நான் எடுத்ததும் விழுந்துருச்சுன்னு நெனச்சேன். கேட்டேன். "நான் அந்த அலமாரியத் தொட்டதே இல்லீங்கண்ணா, எம்புள்ள மேல சத்தியமா"ன்னு அழுதுது. அழுதா ஆச்சா? நிறுத்திப்போட்டேன். அப்பறம் அந்தப் பக்கத்து ஊட்டுப் பூன. அதுக்கு ஜன்னல்ல வலையடிச்சேன். அப்பறம் இந்த ரோட்டுல போற தண்ணி லாரி. லாரி போனா செவுரு அதிருது சார், கைய வெச்சுப் பாருங்க. இல்லீங்களா? இப்ப லாரி வரல, அதனால தெரியல.

பாக்கியம் நின்னதுக்கப்பறமும் ஒடயறது நிக்கல. பூன வராதப்பவும் நிக்கல. இன்னொரு வண்டியோட பின் ரெக்கை. அப்பறம் ஒரு வைப்பர். ஒரு ஆன்டெனா, மயிராட்டம் இருக்கும், அது. ஒவ்வொண்ணும் நான் கையில எடுத்தப்பத்தான். நான் எடுக்காம இருந்தா ஒண்ணும் ஆகறதில்ல. அதுவும் ஒரு புதிராத்தான் இருக்குது.

என்ன கேட்டீங்க? எந்தக் கையில எடுத்தப்பன்னா? வலது கையிலதானுங்க. எல்லாரும் வலது கையிலதானே எடுப்பாங்க. எதுக்குக் கேக்கறீங்க?

சரி, சொல்றேன் கேளுங்க. அப்பத்தான் நான் கம்ப்யூட்டர்ல தேடிப் படிச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். துத்தநாகச் சீக்கு. இந்த பாடியெல்லாம் ஜிங்க் கலவைதானுங்களே. வார்க்கற போது கலவையில துளி ஈயம் சேந்துருச்சுன்னா போச்சாம். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், யாரு வார்த்தாலும் இது வரும். வாங்கும்போது ஒண்ணும் தெரியாது. வருசக் கணக்கா ஒண்ணும் தெரியாது. பளபளன்னு நிக்கும். உள்ளுக்குள்ள மட்டும் அரிச்சுக்கிட்டே இருக்கும். ஒரு நாள் பெயின்டு லேசா உப்பும். அப்பறம் மயிர் மாதிரி ஒரு கீறல். அப்பறம் தொட்டா மாவாட்டம் உதுந்துரும். மருந்தே கெடையாது சார். ஒண்ணுமே கெடையாது. பொறந்தப்பவே உள்ள இருந்த சீக்கு, அதுக்கு நேரம் வந்தப்ப வருது. பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது தவிர ஒண்ணும் பண்ண முடியாதுன்னு எழுதியிருக்குது.

அதப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க. ஒடஞ்சதுகளை எல்லாம் தனியா எடுத்து அந்த இரும்புப் பெட்டியில வெச்சுட்டேன். அதுவும் ஒட்டற சீக்கு இல்லைன்னுதான் எழுதியிருந்துது. ஆனாலும் மனசு கேக்கல. நல்லதுக பக்கத்துல அத வைக்கறதா? இந்த 1977 மட்டும் பெட்டியில போட மனசு வரல, இங்கயே வெச்சிருக்கறேன்.

ஒட்டறதுன்னதும் எங்க பெரியண்ணன் நெனப்பு வந்துருச்சு.

ஒண்ணுமில்ல, உடுங்க. அது வேற கத. அது மனுசச் சீக்கு.

எங்க பெரியண்ணன் மாரப்பண்ணன், ஊர்ல அவரு மாதிரி ஆளு கெடையாது. ஏர் புடிச்சாலும் சரி, கணக்குப் பாத்தாலும் சரி. அவருக்கு எப்ப ஆரம்பிச்சுதுன்னு எங்களுக்குத் தெரியல. காப்பி டம்ளர்ல இருந்துதான் எங்களுக்கே தெரிஞ்சுது. வட்டச் செட்டுல, டம்ளரும் டபராவுமா, காப்பி கொண்டாந்து குடுத்தா, அவரு கையில வாங்கினதும் கிணிகிணி, கிணிகிணின்னு ஒரு சத்தம். சும்மாத்தான் உக்காந்திருப்பாரு. சும்மா மடியில வெச்சிருக்கற கையே ஆடும். கட்டவெரலும் ஆள்காட்டி வெரலும் ஒண்ணோட ஒண்ணு தேச்சுக்கிட்டே இருக்கும், பீடி சுத்தறாப்பல. அப்பறம் மொகம் போச்சு. சிரிச்சா சிரிக்கறது தெரியாது. கோவமான்னு கேட்டா இல்லைம்பாரு. பேச்சு போச்சு. நடை போச்சு. கடைசியில எங்க அண்ணி ஒரு ஸ்பூன்ல ஊட்டி உடும், பாதி வெளிய வந்துரும். என்னப் பாத்தா கண்ணு மட்டும் தண்ணியா ஊத்தும். நான் அந்தப் பக்கம் போறதையே நிறுத்திப்போட்டேன் சார். போகவே இல்ல. கடைசிக் காரியத்துக்குத்தான் போனேன். அந்தக் கிணிகிணிச் சத்தத்த மறுபடி கேக்கவே கூடாதுன்னு இருந்துது. அதுல இருந்து இந்த ஊட்டுல வட்டச் செட்டே கெடையாது. காப்பின்னா காது வெச்ச பீங்கான் மக்குதான்.

அது ரத்தத்துல வர்றதுன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. எங்க தாத்தாவுக்கும் இருந்துதாம். எல்லாம் சும்மா. அப்புடி இருந்தா எனக்கில்ல வந்திருக்கோணும்?

தாரிணி காப்பி போட்டுட்டாளாட்ட இருக்குது, உங்களுக்கு வாசம் வருதுங்களா? வருதா? எனக்கு வரல. ரொம்ப நாளா ஒரு சளி, மூக்க அடச்சுக்கிட்டே இருக்குது. போன மாசம் பால் தீஞ்சு ஊடே பொகஞ்சிருக்குது, நான் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கறேன். பக்கத்து ஊட்டம்மா கதவத் தட்டுனாங்க. அத வேற அவங்க தாரிணிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாங்க. அதுல இருந்து அவ ரொம்பப் பண்றா. "அப்பா, ஏன் மொகத்த இப்புடி உம்முனு வெச்சிருக்கறீங்க? அப்பா, நடக்கும்போது அந்தக் கைய ஏன் வீச மாட்டேங்கறீங்க?" கைய வீசி நடக்க நான் என்ன பரேடா போறேன்? போன வாரம் லீவு போட்டு வந்ததுல இருந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கறா. சோறு திங்கறப்பப் பாக்கறா, சட்ட பட்டன் போடறப்பப் பாக்கறா. எனக்கு அவ இருக்கறப்பக் கைய எங்க வைக்கறதுன்னே தெரியல. பாக்கெட்டுக்குள்ள போட்டுக்கறேன்.

இல்லீங்க, குளுரு இல்ல. சும்மாத்தான் போட்டிருக்கறேன்.

அட, நானே பேசிக்கிட்டு இருக்கறேன். நீங்க ஒரு வார்த்த பேச மாட்டேங்கறீங்களே! நம்மாளுக ரெண்டு பேரு சேந்தா உன்னுது என்னுதுன்னு சண்டையில்ல வரும்! எதுவாச்சும் ஒண்ணு எடுத்துப் பாருங்க. உங்க கையில எப்புடி இருக்குதுன்னு பாக்கறேன். நான் எடுத்துத் தரல, நீங்களே எடுங்க. இன்னைக்கு எனக்கு மனசு செரியில்ல, இன்னொண்ணு போச்சுன்னா தாங்காது. எது வேணாலும் எடுங்க. 1970 எடுக்கறீங்களா? இல்ல 1982?

ஓ. அதுங்களா. ரோஸ் கலரு. கீழ்த் தட்டுல மூலையில திருப்பி வெச்சிருந்தேன், அதப் போயி எடுத்துட்டீங்களே. அது மட்டும் இந்தச் சட்டத்துல வராதது. 1971. பன்னியாட்டம் ரோஸ் பெயின்டு அடிச்சு, கசாப்புக் கடையில வெட்டறாப்பலக் கோடு போட்டு, தொடை, வெலான்னு அவங்க பாஷையில எழுதியிருக்கறாங்க. எகத்தாளத்துக்குத்தான். பாதி ரேஸு ஓடறதுக்குள்ள மோதி நின்னுருச்சு. முடிக்காத வண்டி. தாரிணி மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்தா, "அழகா இருந்துதுப்பா"ன்னு. அவளுக்கு என்ன தெரியும், பாவம். வேண்டாம்னு சொல்ல முடியுமா? வாங்கிக்கிட்டேன். ஆனா மொகத்த செவுத்துப் பக்கம் திருப்பித்தான் வெச்சிருக்கறேன்.

சார்.

ஒரு நிமிசம் சார்.

நீங்க கூரையில கை வெச்சுத் தூக்குனீங்க.

அடிக்கட்டையப் புடிக்கல. வண்டியோட கூரையில ரெண்டு வெரலப் போட்டு, கத்திரிக்கா எடுக்கறாப்பலத் தூக்குனீங்க. ஒண்ணும் ஆகல, வண்டி கெடக்குது, அதுக்குச் சொல்லல. தூக்கி, அப்புடியே புடிச்சிருக்கறீங்க. அடியத் திருப்பிப் பாக்கல. யாரு செஞ்சது, எத்தன செஞ்சாங்கன்னு அடியிலதானே இருக்கும்? சின்னப் பசங்க கூட மொதல்ல அடியத்தான் திருப்புவாங்க. மறந்து போயிருக்கும்னு சொல்லாதீங்க, அது மறக்கறது இல்ல. சோறு திங்கற கை வாய்க்குப் போறது மறக்குமா?

நீங்க அந்த வண்டியப் பாக்கவே இல்ல சார். இப்பவும் பாக்கல. கையில வண்டி இருக்குது, கண்ணு எங்க இருக்குது? கைய உட்டிருக்கற என்ற பேன்ட் பாக்கெட்டுல இருக்குது.

வந்ததுல இருந்து அங்கதான் இருக்குது, இல்லீங்களா? படியேறும்போது எனக்குப் பின்னாடியே வந்தீங்க, "நீங்க முன்னால போங்க"ன்னு சொல்லி. நான் மரியாதன்னு நெனச்சேன். நடையப் பாத்தீங்க. எந்தக் கையில எடுத்தப்ப ஒடஞ்சுதுன்னு கேட்டீங்க. எந்த வருசத்து வண்டின்னு நீங்க கேக்கல, எந்தக் கைன்னு கேட்டீங்க! பெரியண்ணனப் பத்திச் சொன்னப்பத்தான் நாற்காலியில முன்னால நகந்து உக்காந்தீங்க. கல்யாணம் எல்லாம் ஒண்ணும் இல்ல. சென்னையும் இல்ல.

நீங்க டாக்டருங்களா சார்?

தலைய மட்டும் ஆட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க.

ம்.

நரம்பு டாக்டரா. சரி.

இருங்க, எந்திரிக்காதீங்க. நான் சத்தம் போட மாட்டேன். சத்தம் போட்டாலும் யாருக்குக் கேக்கப் போகுது? அவ மேலயும் கோவமில்ல. நேராக் கூப்பிட்டிருந்தா நான் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பனா? வந்திருக்க மாட்டேன். அப்பன எங்க புடிக்கோணுமோ அங்க வந்து புடிச்சிருக்கறா. கெட்டிக்காரிதான். உங்களுக்கு எப்புடி எடுக்கறதுன்னு மட்டும் சொல்லிக்குடுக்க மறந்துட்டா.

அந்த வண்டியக் கீழ வைங்க. அடிக்கட்டையப் புடிச்சு. அப்புடித்தான். மொகம் இந்தப் பக்கமே இருக்கட்டும், செவுத்துப் பக்கம் திருப்ப வேண்டாம்.

சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். அந்த 1977-ல கண்ணாடி போச்சுன்னு சொன்னனே. அது பிளாஸ்டிக்கு. ரெக்கையும் பிளாஸ்டிக்கு. வைப்பரு, ஆன்டெனா எல்லாம் பிளாஸ்டிக்கு. பாடி மட்டுந்தான் ஜிங்க்கு. பாடியில ஒரு கீறல் இல்ல சார், ஒரு வண்டியிலயும் இல்ல. நான் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டேன். ஒவ்வொரு வண்டியா, கும்புட்டுக்கிட்டே பாத்தேன். ஒரு கீறலாச்சும் இருக்கோணும், பெயின்டு ஒரு எடத்துலயாச்சும் உப்பி இருக்கோணும்னு கும்புட்டேன். என்ற வண்டிக்கெல்லாம் சீக்கு வரட்டும்னு நானே சாமி கும்புட்டேன். எதுவும் இல்ல. பிளாஸ்டிக்குக்கு ஜிங்க் சீக்கு வராதுங்க. எனக்குத் தெரியும். மொத நாளே தெரியும்.

அந்தப் பொண்ணு பாக்கியம், எம்புள்ள மேல சத்தியம்னு சொல்லிட்டுப் போச்சு.

இந்தாங்க கை. பாக்கெட்டுல இருந்து எடுத்துட்டேன். பாருங்க. நானா ஆட்டல. நான் நிறுத்தோணும்னு நெனச்சா இன்னும் ஆடுது. கட்டவெரலப் பாருங்க, அதேதான், எங்கண்ணன் மாதிரியே. அடி மேலயெல்லாம் திருப்பிப் பாத்துக்குங்க. எனக்குப் பயமா இருக்குது சார். ரொம்பப் பயமா இருக்குது. அந்த ஸ்பூன நெனச்சாப் பயமா இருக்குது. தாரிணி ஊட்ட, அது வெளிய வர, அவ தொடச்சு உட, நான் சிரிக்கறது அவளுக்குத் தெரியாமப் போக... கொஞ்சம் புடிச்சுக்குங்க சார். விட்டுராதீங்க.

ம். உங்க கை சூடா இருக்குது.

இல்ல, இன்னும் சொல்லாதீங்க. பேரு சொல்லாதீங்க. அந்தச் சீக்குக்கு ஒரு பேரு இருக்கும், எனக்கும் தெரியும், எங்கண்ணனுக்குச் சீட்டுல எழுதிக் குடுத்தது ஞாபகம் இருக்குது. அவளும் வந்துறட்டும். ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லிருங்க, எனக்குத் தனியாக் கேக்கத் தெம்பில்ல. தாழ்ப்பாள நீங்களே எடுத்து உடுங்க.

இருங்க.

எடுக்காதீங்க, ஒரு நிமிசம் இருங்க.

கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கறா. கேக்குதுங்களா? எப்ப வந்தாளோ, எல்லாத்தையும் கேட்டிருப்பா. கேளுங்க சார், காது குடுத்துக் கேளுங்க. தட்டுல ரெண்டு மக்கு வெச்சுக் கொண்டாந்திருக்கறா. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதுது.

கிணிகிணின்னு.

அவ கை ஆடுது சார். அது எதுக்கு ஆடுது? அழுதுக்கிட்டு நிக்கறா, அதனாலதானே? அது பயந்தானே சார்? அவளுக்கு முப்பத்தி ரெண்டு வயசுதான் ஆகுது. நீங்க டாக்டரு, உங்களுக்குச் சத்தத்த வெச்சே தெரியும், எனக்குக் கார்பரேட்டர் தெரிஞ்சாப்பல. சொல்லுங்க. என்னுது கெடக்குது, அத அப்பறம் பாத்துக்கலாம், மெதுவாப் பாத்துக்கலாம். கதவத் தொறக்கறதுக்கு முன்னால இத மட்டும் சொல்லிருங்க.

அது வெறும் பயந்தானே?